சொத்தழிவும் சட்டத்தின் நிறைகோலும்

பிறர் பொருளை அழிப்போனை ஒறுத்தல் அரசின் கடமை என்பதை எந்நாட்டு அறநூலும் மறுப்பதில்லை. வள்ளுவர் செங்கோன்மை என்னும் அதிகாரத்தில், கொடியோரை ஒறுத்தலைப் பயிரிடையே களை பறித்தலுக்கு ஒப்பிட்டுரைத்தார். களை பறிப்போனுக்குக் கைவலிமை மட்டும் போதாது. களை யாது, பயிர் யாது எனப் பகுத்தறியும் கண்ணும் வேண்டும். இலங்கையின் சொத்தழிவுச் சட்டங்களை இவ்வளவுகோல் கொண்டு ஆராய்தல் தகும். அதற்குக் கொழும்பு மாநகரின் வரலாறே போதிய சான்று தருகின்றது.

இந்நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். பிறர் சொத்துக்குக் கேடு விளைத்தல் என்னும் குற்றத்தை அது வரையறுத்து, எளிய கேட்டுக்கு மூன்று மாதம் வரை சிறை விதித்தது. தீ வைத்தலுக்குக் கடுந்தண்டனை வகுத்தது. அதே ஆண்டிலேதான் கொட்டாஞ்சேனையில் பௌத்தரின் ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டுப் பெருங்கலகம் மூண்டது. போதிய சான்று இல்லையென்று கூறி வழக்குக் கைவிடப்பட்டது. நீதி வேண்டி ஒல்கொட் என்பார் 1884 இல் இலண்டன் வரை செல்ல நேர்ந்தது. ஏட்டில் சட்டம் பிறந்த காலத்திலேயே அதன் கை தளர்ந்திருந்தமையை இந்நிகழ்ச்சி காட்டும்.

1915 ஆம் ஆண்டில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் அழிக்கப்பட்டபொழுது அரசு நேர்மாறான வழியிற் சென்றது. கலகச் சேதத்துக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் இயற்றி, கலகம் நிகழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த சிங்கள மக்களிடம் இழப்பீட்டுத் தொகையைக் கூட்டாக அறவிட்டது. இழந்தோர்க்குப் பொருள் கிடைத்தல் நன்றே. ஆயினும், கல்லெறிந்தவனும் கதவடைத்து உள்ளிருந்தவனும் ஒருங்கே பொறுப்பாளியாக்கப்படுதல் நீதியாகாது. அந்நாளைய அரசின் அடக்குமுறையைச் சட்டநிரூபண சபையிற் கண்டித்தவர் சேர். பொன்னம்பலம் இராமநாதன் ஆவர். தம் இனத்தாரல்லாத மக்களுக்காக அவர் எழுப்பிய குரல் 1916 இல் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தது.

இனி, 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தை நோக்குவாம். பொதுச் சொத்துக்குக் கேடு விளைத்தோர்க்கு ஓராண்டிற் குறையாததும் இருபதாண்டுக்கு மேற்படாததுமான சிறையையும், குற்றப்பணத்தையும் அது விதித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அத்தீயை வைத்தோர் எவரும் தண்டனை பெற்றிலர்.

சட்டம் இயற்றி ஓராண்டு கழிந்தது. 1983 ஆடியில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நகரின் பிற பகுதிகளிலும் தமிழர் இல்லங்களும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் பட்டியலைக் கையிற் கொண்டு வீடுகளை அடையாளங் கண்டனர் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. புதிய சட்டம் பொதுச் சொத்தை மட்டுமே காத்தது. குடிமகனின் இல்லத்துக்குப் பழைய 1883 ஆம் ஆண்டுக் கோவையே துணை. அதுவும் செயற்பட்டிலது. தீ வைத்தோருள் தண்டிக்கப்பட்டோரைத் தேடிக் காண்டல் அரிது. மாறாக, அவசரகால விதிகளின்படி எரிந்த சொத்துக்களே அரசின் உடைமையாக்கப்பட்டன. பிறர் கைப்பற்றாது காத்தற்பொருட்டே அவ்வாறு செய்ததாகக் காரணங் கூறப்பட்டது. எனினும், தன் எரிந்த சுவரைத் திரும்பப் பெறுதற்கு இழந்தவனே விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

இழப்பீட்டை ஆராய 2001 இலேதான் ஆணைக்குழு அமைந்தது. அரசின் சார்பில் மன்னிப்புக் கோரப்பட்டது 2004 இலேயாம். 2022 இல் அரசியலாளர் இல்லங்கள் எரிக்கப்பட்டமையும் குற்றமே. அதனை எவரும் நியாயப்படுத்தலாகாது. ஆயின், அவர்களுள் 43 பேருக்கு 120 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பீடு வழங்கப்பட்டதாக 2025 இல் அறிவிக்கப்பட்டது. முன்னையோர் இருபதாண்டு காத்திருந்தனர். பின்னையோர்க்கு மூன்றாண்டுக்குள் வழி பிறந்தது. நிறைகோல் ஒன்றாயின் தட்டு இவ்வாறு சாய்வது எங்ஙனம்?

பொதுச் சொத்து அனைவர்க்கும் உரியதாதலின் அதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், அரச பேருந்து எரிந்தால் மற்றொன்று வாங்கலாம்; ஓர் எளிய குடும்பத்தின் இல்லம் எரிந்தால் அதனோடு உறுதிப் பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழும் தலைமுறைச் சேமிப்பும் ஒருங்கே அழியும். அவ்விழப்பைத் தாங்குதற்கு அக்குடும்பத்தின் பின்னே திறைசேரி இல்லை. ஆகவே வலிமை குறைந்தவனின் உடைமைக்கே சட்டத்தின் காவல் மிகுதியும் தேவை என்க.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், இந்நாட்டில் குறைவுபட்டது தண்டனையின் நீளம் அன்று, அதன் உறுதிப்பாடே. 1915 இற் களையோடு பயிரும் பறிக்கப்பட்டது. 1983 இற் களை அப்படியே விடப்பட்டது. குற்றவாளியைத் தனி ஆளாக இனங்காணல், குடிமகனின் இல்லத்தைப் பொதுக் கட்டடத்தோடு ஒப்ப மதித்தல், இழப்பீட்டுக்குக் கால எல்லை வகுத்தல் ஆகிய மூன்றும் அமையாத எச்சட்டமும் ஏட்டுச் சுரைக்காயே ஆகும்.