சொந்த வண்டியில் நன்னம்பிக்கை முனை வரை

சொந்தக் காரைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் விமானத்தில் போய் இறங்கி, வேற்று நாட்டுத் துறைமுகத்தில் அதே சாவியைப் போட்டுக் கிளப்பும்போது ஒரு சந்தோஷம் வருகிறதே, அது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கென்யாவின் மொம்பாசாவில் கண்டெய்னர் கதவைத் திறந்தார்கள். உள்ளே எங்கள் ஸ்கார்பியோ! டேஷ்போர்டுப் பிள்ளையார் இடம் மாறவில்லை. கதவுப் பையில் பாதி தின்று மூடிவைத்த கடலை மிட்டாய்ப் பொட்டலம் அப்படியே இருந்தது. என் மனைவி கைதட்டியே விட்டாள். கென்யா, தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்று ஆறு நாடுகளை அந்த வண்டியிலேயே கடந்தோம். அன்று முதல் யாரைப் பார்த்தாலும் "நீங்களும் போய்ட்டு வாங்க" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் ஆப்பிரிக்கா என்று கேட்கிறார்கள். இந்த ஆறு நாடுகளிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் நமக்கு இருக்கும் அதே பக்கம். ஐரோப்பாவுக்கு நம் வண்டியைக் கொண்டுபோனால், முன்னால் போகும் லாரியை முந்துவதற்கு ஒவ்வொரு முறையும் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்க வேண்டும். இங்கே மொம்பாசாவிலிருந்து கேப் டவுன் வரை அந்தத் தொல்லையே கிடையாது. இன்னொரு வசதியும் உண்டு. எங்களுடையது பி.எஸ்.4 காலத்து டீசல் வண்டி. புதிய பி.எஸ்.6 இன்ஜின்களுக்குக் கந்தகம் மிகக் குறைந்த டீசல்தான் ஒத்துக்கொள்ளும். பழைய இன்ஜின் அவ்வளவு பத்தியம் பார்க்காது. தென்னாப்பிரிக்காவில் ஓடும் மஹிந்திரா பிக்-அப்புகளும் ஸ்கார்பியோ குடும்பம்தான் என்பதால் உதிரிபாகக் கவலையும் இல்லை. பழைய வண்டிதானே என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது, பழைய வண்டி என்பதாலேயே கிளம்புங்கள் என்பதுதான்.

காகித வேலையைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதுவே பயணத்தின் முதல் அத்தியாயம். கார்னெட் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. காருக்கான பாஸ்போர்ட் என்றே சொல்லலாம். இந்த வண்டியை விற்க மாட்டேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன் என்பதற்கு ஆட்டோமொபைல் சங்கம் உத்தரவாதம் கொடுக்கிறது. அதை நம்பி அந்தந்த நாட்டுச் சுங்கத்துறை இறக்குமதி வரி வாங்காமல் வண்டியை உள்ளே விடுகிறது. சங்கத்துக்கு நாம் வங்கி உத்தரவாதம் கட்டவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பகுதிகள்: நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. அடிக்கட்டை இரண்டு முத்திரைகளோடு நம்மிடமே தங்கும். கடைசி முத்திரை வரை சரியாக விழுந்திருந்தால் உத்தரவாதப் பணம் விடுபடும். கார்னெட் ஒரு வருடம் செல்லும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, வண்டியின் பின்னால் 'ஐ.என்.டி.' ஸ்டிக்கரையும் ஒட்டிய அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சென்னையில் கண்டெய்னரில் ஏற்றியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நீங்களும் நின்று பாருங்கள், யாரையும் அனுப்பிவிடாதீர்கள். இருபதடிக் கண்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். ஸ்கார்பியோ 1.82. இருபக்கமும் ஒரு சாண் சொச்சம்தான் இடைவெளி. கதவைத் திறக்க முடியாது. ஓட்டி உள்ளே நிறுத்திய தம்பி, இருக்கைகளைத் தாண்டித் தவழ்ந்து பின்கதவு வழியாக இறங்கினார். மேற்கூரைக் கேரியரை முன்பே கழற்றியாகிவிட்டது. "சார், டீசல் கால் டேங்குக்கு மேல வேணாம், பேட்டரி வயரைக் கழட்டிருங்க" என்றார் மேற்பார்வையாளர். சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து, நாலு மூலையிலும் பெல்ட் போட்டு இறுக்கி, சீல் வைத்தார்கள். அந்த சீல் எண்ணை நான் மனப்பாடமே செய்துவிட்டேன்!

செலவு பற்றி ஒன்றே ஒன்று. கப்பல் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கணக்கு முடிக்காதீர்கள். போய் இறங்கும் துறைமுகத்தின் கட்டணங்கள், கிளியரிங் ஏஜென்ட் கூலி, தாமதமானால் நாள் வாடகை எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல ஏஜென்ட் அமைந்தால் பாதிப் பயணம் முடிந்தமாதிரி. எங்களுக்கு மொம்பாசாவில் அமைந்தவர் தங்கமான மனிதர். கொமேசா மஞ்சள் அட்டை என்ற காப்பீட்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார். கென்யா, தான்சானியா, ஜாம்பியா மூன்றுக்கும் அந்த ஒரே அட்டை போதும்.

பிறகு சாலை! வோய் என்ற ஊரில் இடப்பக்கம் திரும்பி டவேட்டா எல்லையைக் கடந்தால், மேகத்துக்கு மேலே வெள்ளைத் தலையோடு 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ. தான்சானியாவில் ஊருக்கு ஊர் 50 கி.மீ. வேக வரம்பு, வெள்ளைச் சீருடைப் போலீஸார் வேகமானியோடு நிற்பார்கள், அதை மதித்தால் எந்தச் சிக்கலும் இல்லை. மிகுமி தேசியப் பூங்காவுக்கு நடுவிலேயே நெடுஞ்சாலை ஓடுகிறது. எந்த விலங்கை மோதினால் எத்தனை டாலர் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சாலையோரம் ஒட்டகச்சிவிங்கிகள். என் வண்டியின் கண்ணாடி வழியாக! தினமும் அலுவலகம் போகும்போது மாநகரப் பேருந்தின் முதுகைப் பார்த்த அதே கண்ணாடி.

ஜாம்பியா எல்லையான துண்டுமாவில் காங்கோ செப்புச் சுரங்கங்களுக்குப் போகும் லாரிகள் மைல்கணக்கில் நிற்கும். சிறு வண்டிகள் ஒதுங்கி முன்னே போய்விடலாம். பிறகு நீண்ட நேர்சாலைகள், விக்டோரியா அருவி, அதற்கப்புறம் கஸுங்குலா.

கஸுங்குலாவைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். ஜாம்பியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா என்று நான்கு நாடுகள் ஏறக்குறைய ஒரே புள்ளியில் நெருங்கும் இடம், ஜாம்பேசி ஆற்றின் நடுவில். முன்பு இங்கே மிதவைதான். லாரிகள் நாள்கணக்கில் காத்துக்கிடந்தன. 2021 மே மாதம் 923 மீட்டர் நீளப் பாலம் திறந்தார்கள். அது நேராகப் போகாது, அழகாக வளைந்து போகும். ஜிம்பாப்வே எல்லைக்குள் கால் வைக்காமல் ஜாம்பியாவையும் போட்ஸ்வானாவையும் இணைப்பதற்காக அந்த வளைவு! இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் வேலை சுருக்கமாக முடிகிறது. இங்கே விழும் கார்னெட் முத்திரை ரொம்ப விசேஷம். போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா எல்லாம் ஒரே சுங்க ஒன்றியம். உள்ளே ஒரு முத்திரை, கடைசியில் வெளியேறும்போது ஒரு முத்திரை, அவ்வளவுதான். போட்ஸ்வானாவில் கால்நடை நோய்த் தடுப்புச் சாவடிகளில் சக்கரத்துக்கும் செருப்புக்கும் மருந்து போடுவார்கள். பச்சை இறைச்சி கொண்டுபோகக்கூடாது.

நமீபியா தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்குக்கு மேல் பெரியது. மக்கள்தொகையோ சுமார் 30 லட்சம். ஜல்லிச் சாலைகளில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஓட்டவேண்டும். எதிரே ஒரு வண்டி வந்தால் இருவரும் கையசைத்துக்கொள்வோம். எட்டோஷா பூங்காவில் சஃபாரி ஜீப்புக்குக் காத்திருக்கவே தேவையில்லை, சொந்த வண்டியிலேயே சுற்றலாம். நீர்நிலையோரம் வண்டியை நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து ஃபில்டர் காபி ஊற்றிக் குடித்தபடி, யானைக்கூட்டம் ஒன்று வந்து நீர் குடித்துப் போகும்வரை அசையாமல் இருந்தோம். ஒகாக்குவேயோ முகாமில் இரவு விளக்கொளியில் காண்டாமிருகம் வந்து நின்றது. வாடகை ஜீப்பில் போயிருந்தால் அந்த ஓட்டுநர் எப்போதோ கிளம்பியிருப்பார்.

நன்னம்பிக்கை முனையில் எல்லாரும் எடுக்கும் படத்தை நாங்களும் எடுத்தோம், ஆனால் எங்கள் படத்தில் டி.என். நம்பர் பிளேட் இருக்கிறது! அங்கிருந்து கண்டத்தின் தென்கோடியான அகுல்ஹாஸ் முனைக்கும் போய், கிழக்கே திரும்பி டர்பன் சேர்ந்தோம். வண்டியைத் திருப்பி அனுப்பத் துறைமுகம் எத்தனையோ உண்டு. நான் பிடிவாதமாக டர்பனைக் கேட்டேன். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம் மக்கள் இறங்கிய இடம் அது. அங்கே கடைவீதியில் வண்டியை நிறுத்தியிருந்தபோது ஒரு வயதான அம்மா வந்து, டி.என். என்றால் தமிழ்நாடா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம்மா என்றதும் பானெட் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, இந்த வண்டியா அங்கிருந்து வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன் பேரனைக் கூப்பிட்டு வண்டியோடு படம் எடுக்கச் சொன்னார். வாடகைக் காரில் போயிருந்தால் அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்தது ஆஸ்திரேலியா. அங்கும் இடப்பக்கம்தான். ஆனால் வண்டியில் மண்ணோ புல் விதையோ ஒட்டியிருந்தால் துறைமுகத்திலேயே நிறுத்திக் கழுவவைத்துவிடுவார்கள், அதுவும் நம் செலவில். அதனால் எங்கள் மெக்கானிக் சக்கர வளைவுத் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடிச்சட்டத்தை அங்குலம் அங்குலமாகக் கழுவிக்கொண்டிருக்கிறார். புதுக் கார்னெட்டுக்கு விண்ணப்பமும் போட்டாகிவிட்டது.