பச்சை குத்தும் ஊசி யார் கையில்?

பச்சை குத்துவதைப் பற்றி நமது கற்றோர் மத்தியில் இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. அது நாகரிகமடையாதோரின் வழக்கம், படித்தவனுக்கு அடாது என்பது ஒன்று. அது நமது தொன்மையான மரபு, மேனாட்டார் இன்று வியந்து போற்றும் கலையை நம் பாட்டிமார் அன்றே அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் ஆசிரியராக இருப்பார். இரண்டாவதைச் சொல்பவர் மேடைப் பேச்சாளராக இருப்பார். இருவரும் தோலில் உள்ள சித்திரத்தை மாத்திரமே பார்க்கின்றனர். ஊசியைப் பிடித்த கை யாருடையது, குத்துண்ட கை யாருடையது, அந்தக் கைக்கு மறுநாள் என்ன வேலை காத்திருந்தது என்ற கேள்விகளை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை. இலக்கியத்தை அது தோன்றிய சமுதாயத்தோடு வைத்து ஆராய வேண்டும் என்று வாதாடும் நாம், தோலில் எழுதப்பட்டதையும் அவ்வாறே ஆராய்தல் முறையாகும். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் கடற்றொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினையுமன்று.

முதலில் தொழிலைப் பார்ப்போம். அகத்தியிலையையும் மஞ்சள் தூளையும் துணியிற் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிய விட்டு, மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைப்பர். சட்டியின் உட்புறத்திற் படியும் கரியை வழித்தெடுத்து நீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பர். சில ஊசிகளை ஒன்றாகக் கட்டி, அந்த மையில் தோய்த்துக் குத்துவர். முடிந்ததும் கழுவி மஞ்சள் பூசுவர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழங்கிய முறைகளுள் இது ஒன்று. கரி கறுப்பேயாயினும், தோலின் ஆழத்திற் கிடக்கும்போது நீலமும் பச்சையும் கலந்து தோன்றும். அந்நிறமே தொழிலுக்குப் பெயராயிற்று. சிங்கள மக்களும் இதனைப் 'பச்ச' என்றே சொல்லுகின்றனர். இரு மொழியும் ஒரே வீட்டிற் பேசப்படும் நமது கரையில், சொல்லுக்கு எல்லை கட்ட முனைவோர் இதனைச் சற்று யோசிக்கலாம்.

அந்த மை ஏன் அழிவதில்லை? மேற்றோல் நாள்தோறும் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. ஊசி அதனைக் கடந்து அடித்தோலில் மையை இறக்குகிறது. உடலின் காவற் கலங்கள் அதனை அந்நியப் பொருளென்று கண்டு விழுங்குகின்றன. செரிக்க மாட்டாமல் உள்ளேயே வைத்திருக்கின்றன. அக்கலம் இறந்தால் சிந்திய மையை அடுத்த கலம் விழுங்குகிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2018 இல் எலிகளிற் செய்த ஆய்வினால் விளக்கினர். ஆக, பச்சை என்பது உடல் ஆயுட்காலம் முழுவதும் நடத்தும் ஓயாத சச்சரவின் தடமாகும்.

உழைக்கும் பெண்ணுக்கு இந்த நிலைத்த தன்மையே பெருமதியுடையதாயிற்று. பொன்னாபரணம் பஞ்சத்தில் அடகுக் கடைக்குப் போய்விடும். முன்கையிற் குத்திய கோலமும் தேளும் போகா. செத்தாலும் கூடவே வரும் நகை என்று கிராமத்துப் பெண்கள் இதனைச் சொல்லி வந்ததன் பொருள் இதுதான். மலையகத்துத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வந்த பெண்கள் பலர் கொண்டுவந்த உடைமைகளில் வட்டிக்காரனாற் பறிக்க முடியாதிருந்தது இது ஒன்றே.

இத்தொழிலைச் செய்தவர் யார்? பெரும்பாலும் ஊரூராக அலைந்த குறவர் குலப் பெண்கள். இங்கேதான் நமது இலக்கியக் கனவான்களின் இரட்டை வேடம் வெளிப்படுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியை வகுப்பிலே படிப்பிக்கிறோம். ஈழத்திலும் வண்ணைக் குறவஞ்சி, நகுலமலைக் குறவஞ்சி என்று பாடினர். குறத்தி குறி சொல்ல வந்தால், தலைவி கையை நீட்டுவாள், புலவர் மெய்ம்மறப்பார். ஆனால், 1911 ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, குறவர் பிரிவினர் பலர் பிறப்பாலேயே குற்றவாளிகளெனப் பட்டியலிடப்பட்டனர். ஊர் விட்டு ஊர் போவது அவர்களது பிழைப்பு, அதுவே குற்றமாயிற்று. பிறர் கையில் கோலம் எழுதியவளின் சமூகத்தாரிடம் அரசாங்கம் விரல்ரேகை பதித்து வாங்கியது. கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது 1944 இல். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டதோ 1947 இல். இந்தியா முழுவதும் நீங்கியது 1952 இல். மேடையிலே குறத்தி கைதட்டல் பெற்றாள். மேடைக்கு வெளியே அவள் இனத்தார் பொலிஸ் பதிவேட்டில் இருந்தனர். அந்நாட்டியத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. அவ்வழகைப் பற்றி எழுதிய விமர்சகர்கள் இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதே நமது குறை.

குறத்தியின் ஊசிக்கு வேறு ஊசிகளும் போட்டியாக இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் 1797 இல் செய்த ஒழுங்குவிதியின்படி, ஆயுட்கைதிகளின் நெற்றியில் அவர்களது குற்றத்தைக் குத்தினர். 1849 இல் அது கைவிடப்பட்டது. வடநாட்டுப் பெண்கள் அணியாக அணிந்த அதே 'கோத்னா'வைத்தான் வெள்ளை நீதிபதி தண்டனையாக்கினான். ஜெர்மன் நாசிகள் அவுஷ்விற்ஸ் முகாமிற் கைதிகளின் கையில் எண்களைக் குத்தினர். இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி 174517 என்ற எண்ணைச் சாகும் வரை அழிக்காமல் வைத்திருந்தார். 1947 இல் பஞ்சாப் பிரிந்தபோது, கடத்தப்பட்ட பெண்களின் உடலில் எதிர்த்தரப்பின் கோஷங்களைக் குத்தியனுப்பிய கொடுமையும் நடந்தது. இவற்றுள் எதிலும் மையும் ஊசியும் வேறல்ல. குத்தப்பட்டவரின் சம்மதம் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

சம்மதமும் எப்போதும் சுயேச்சையானதன்று. கண்டியிலே பிறந்து தமிழ்நாட்டை ஆண்ட எம். ஜி. ஆர்., 1970களில் தமது கட்சிக் கொடியைக் கையிற் பச்சை குத்திக்கொள்ளுமாறு தொண்டர்களைக் கேட்டார். பல்லாயிரம் ஏழைகள் குத்திக்கொண்டனர். கூட்டணி ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறும். தொண்டனின் தோல் மாறாது. 2016 பெப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்த நாளுக்காகச் சென்னையில் அவரது உருவத்தை நூற்றுக்கணக்கானோர் குத்திக்கொண்ட விழாவில், வலி தாளாமல் ஒரு சிறுமி கதறியதை உலகமே திரையிற் கண்டது. அன்பின் பெயரால் நடப்பதாலேயே ஒரு காரியம் அடிமைத்தனம் ஆகாமற் போவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில் ராம்நாமிகள் என்போர், கோயிலுக்குள் விட மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதியினர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவர்கள் இராமனின் பெயரைத் தம் உடலெங்கும், முகத்திலும் இமையிலும் கூடக் குத்திக்கொள்ளத் தொடங்கினர். கோயிற் கதவு மூடப்பட்டால் உடலே கோயில் என்பது அவர்களது பதில். பக்தியில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பதிலின் முன் மரியாதையுடன் நிற்கத்தான் வேண்டும்.

பக்தியால் குத்தியதும் குற்றமாகலாம் என்பதற்குச் சான்று நமது மாவட்ட எல்லைக்குச் சற்றுத் தெற்கேயே உண்டு. 2014 ஏப்ரலில், வலக்கையில் தாமரை மீது அமர்ந்த புத்தரின் உருவத்தைக் குத்தியிருந்த பிரித்தானியத் தாதி ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்திற் கைது செய்யப்பட்டார். அவரோ பௌத்தத்தைப் பின்பற்றுபவர். நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்தப்பட்டு, சிறையிலும் மிரிஹானத் தடுப்பு முகாமிலும் வைக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். முந்திய ஆண்டிலும் இதே காரணத்துக்காக ஓர் ஆங்கிலேயர் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அத்தாதியின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டனவென்று தீர்த்து, நட்டஈடும் செலவுமாக 8 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. தீர்ப்பு நேரியது, அதனை வரவேற்கிறோம். ஆனால் அதைப் பெற மூன்றரை ஆண்டு வழக்காட வசதியும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் வேண்டியிருந்தன. கையிலே பச்சையைக் கண்டதும் 'சண்டியன்' என்று முத்திரை குத்திச் சந்தியில் மறிக்கப்படும் கடற்றொழிலாளி இளைஞன் எந்த மன்றத்துக்குப் போவான்?

அவனைப் பற்றியே நாம் அதிகம் பேச வேண்டும். சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என நீளும் கரையிற் கரைவலை இழுப்பவரின் கைகளைப் பாருங்கள். நங்கூரம், சிலுவை, வேல், ஒருத்தியின் பெயரின் முதலெழுத்து என ஏதேனும் ஒன்று இருக்கும். கற்பிட்டிக்குப் பெரும் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்க வரும் மேனாட்டாரின் முதுகிலும் காலிலும் நிறங்கள் பல மின்னுகின்றன. நமது பிள்ளைகள் அவற்றைக் கண்டு ஆசைப்படுவது இயல்பே. ஆனால் இரு சாராரும் ஒரே பச்சையைக் குத்திக்கொள்வதில்லை.

நகரத்துக் கடையிற் குத்தியதும் ஒரு துண்டுக் காகிதம் தருவார்கள். புண் ஆற இரண்டு தொடக்கம் நான்கு வாரம் செல்லும். அதுவரை கடலிற் குளியாதே, வெயிலிற் காட்டாதே, வியர்வை படவிடாதே, தூசு படவிடாதே, பொருக்கைப் பிய்க்காதே என்று அதில் இருக்கும். அத்தனையும் சரியான ஆலோசனைகள். அவற்றைப் பின்பற்ற விடுமுறை வேண்டும்! அதிகாலையில் வள்ளந் தள்ளுபவனுக்கு, பகலெல்லாம் உப்பளத்தில் உப்பு வாருபவனுக்கு, உவர்நீரையும் வெயிலையும் தவிர்ப்பதென்றால் வேலையைத் தவிர்ப்பது என்றே பொருள். இரண்டு வாரம் வலையிழுக்க வராதவனுக்குச் சம்மாட்டி பங்கு கொடுப்பாரா? ஆகவே குத்திய மறுநாளே திறந்த புண்ணோடு கடலில் இறங்குகிறான். வெதுவெதுப்பான கடல்நீரிற் புண்வழி புகும் கிருமிகள் உண்டு. மெக்சிக்கோ வளைகுடாவில், பச்சை குத்தி ஐந்து நாளிற் கடலாடிய ஒருவர் அத்தகைய கிருமியால் இறந்ததை 2017 இல் ஒரு மருத்துவ ஏடு வெளியிட்டது. அவருக்கு ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தது. கசிப்பினால் ஈரல் கெட்டவர்கள் நமது கரையில் இல்லையா?

ஊசியின் கதை இன்னும் மோசமானது. பணமுள்ளவனுக்குப் புதிய ஊசி, உறை பிரித்துக் கண்முன்னே வைக்கப்படும். பணமில்லாதவன், விளையாட்டுச் சாமானின் மோட்டாரைக் கழற்றி நண்பன் செய்த பொறியிற் குத்திக்கொள்கிறான். ஒரே ஊசி நான்கு பேருக்கும் ஓடுகிறது. ஈரலைத் தாக்கும் பி, சி வகை அழற்சிகளும் எச். ஐ. வி.யும் இவ்வழியே பரவக் கூடியவை. இரத்ததானம் செய்யப் போனாற் பச்சை குத்தியதுண்டா என்று முதலிற் கேட்பது இதனாலேதான்.

இந்நிலையிற் பாடசாலைகள் செய்வது என்ன? கைச்சட்டையை நீட்டி மறைத்துக்கொண்டு வா என்கின்றன. அல்லது பிரம்பை எடுக்கின்றன. அடித்து அழியும் பொருளன்று பச்சை. லேசர் ஒளியால் அழிக்கலாமெனினும், பல அமர்வுகளும் பெரும் செலவும் பிடிக்கும். பதினாறு வயதுப் பிள்ளையிடம், 'பொறு; வளர்ந்த பின் நீயே தீர்மானி' என்று நேராகச் சொல்ல வேண்டும். எப்படியும் குத்தத் துணிந்தவனிடம், புதிய ஊசியைக் கண்ணாற் பார். மையைப் புதுக் குப்பிமூடியில் ஊற்றச் சொல். சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவு. தொழிலில்லாத பருவக்காற்று நாட்களிற் குத்து. சிவப்புப் பரவினால், காய்ச்சல் வந்தால், கோப்பித்தூளும் எண்ணெயும் அப்பிக்கொண்டிராமல் சிலாபத்துக்கோ புத்தளத்துக்கோ அரசினர் வைத்தியசாலைக்குப் போ, அங்கே பணம் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். சுகாதார பாடத்திற்கு இதைவிட உயிருள்ள அத்தியாயம் எது?

தமிழ்ப் பாடத்துக்கும் வேலை உண்டு. உடப்பு மீனவரின் அம்பாப் பாடல்களை நாட்டார் இலக்கியமென்று ஏற்றுக்கொண்டோம். வலையிழுக்கும் வாயிலிருந்து பிறந்தது இலக்கியமானால், வலையிழுக்கும் கையில் எழுதப்பட்டதும் ஆராய்ச்சிக்குரியதே. முதிய கைகளிற் கோடுகள் ஆண்டுக்காண்டு விரிந்து மங்குகின்றன. கோலத்தின் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மாணவர் குறிப்பேட்டோடு வீட்டு மூதாட்டியரிடமும் அயலவரிடமும் போகட்டும். உருவத்தை மட்டும் வரைந்துகொண்டு திரும்புவது போதாது. அது மேடைப் பேச்சாளருக்குத்தான் உதவும். குத்தும்போது வயதென்ன, விரும்பியா குத்தினார், அல்லது இரண்டு பேர் அழுத்திப் பிடிக்க அழுதுகொண்டா குத்துண்டார், புண் ஆறும் வரை வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்ததா, ஊசியோடு வந்தவள் எங்கிருந்து வந்தாள், திண்ணையில் ஏற விட்டார்களா, முற்றத்தில்தான் இருத்தினார்களா, கூலியாக அவளுக்குக் கொடுத்தது நெல்லா, கருவாடா, பழந்துணியா என்பதையும் கேட்டு எழுதி வரட்டும்.