அறிந்தும் அறியாதவராய்

அண்மையில் படித்த இரண்டு நூல்கள் என் உறக்கத்தைக் கெடுத்தன என்று எழுதினால் அது மிகையாகும், நன்றாகவே உறங்கினேன். ஆனால் ஞாயிறு திருப்பலியின் நடுவே அவை நினைவுக்கு வந்து தொல்லை தந்தன. இரண்டும் இன்று எழுதிவரும் பெண்களின் படைப்புகள். சொந்தச் சமயத்தின் வீட்டுக்குள் நின்றுகொண்டே அவ்வீட்டைப் பற்றிப் பேசுகிறவை.

முதலாவது, அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகன் 2021இல் வெளியிட்ட 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' என்னும் குறுநாவல். ஒரே அமர்வில் படித்துவிடலாம். 1985ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிய நாள்கள். நியூ ராஸ் என்னும் சிற்றூரில் நிலக்கரியும் விறகும் விற்கும் பில் ஃபர்லாங், ஐந்து பெண் மக்களின் தந்தை. கன்னியர் மடத்துக்குக் கரி கொண்டு செல்லும் அவன், ஒரு விடியற்காலையில் அங்குள்ள கரிக்கொட்டகைக்குள் ஓர் இளம் பெண் பூட்டப்பட்டிருப்பதைக் காண்கிறான். அவள் தன் கைக்குழந்தையைப் பற்றிக் கேட்கிறாள்.

இது வெறுங்கற்பனை அன்று. திருமணமாகாமல் தாயானவர்களும் வேறு காரணங்களால் ஒதுக்கப்பட்ட பெண்களும் அடைக்கப்பட்டு, கூலியின்றி உழைத்த 'மக்தலீன்' சலவையகங்கள் அந்நாட்டில் 1996 வரை இயங்கின. 1922க்குப் பின் ஏறத்தாழ 10,000 பெண்கள் அவற்றுள் இருந்ததாக 2013இல் வெளியான அரசு அறிக்கை கூறியது. அதே ஆண்டு அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நடத்தியவர்கள் நம் திருச்சபையின் துறவியர்.

ஆயினும் கீகன் துறவியரைக் குற்றக் கூண்டில் ஏற்றி நாவலை முடித்துவிடவில்லை. அவர் பார்வை ஊரின்மேல் இருக்கிறது. மடத்தில் வெளுத்த துணி அப்பழுக்கில்லாமல் திரும்பி வருகிறது. மருத்துவமனையும் விடுதியும் வசதியுள்ள வீடுகளும் அங்கேதான் துணி அனுப்புகின்றன. உள்ளே நடப்பது எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். மடத்தின் தலைவி ஃபர்லாங்குக்குத் தேநீர் கொடுத்து, அவன் மகள்களின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கனிவாக விசாரிக்கிறார். மிரட்டல் என்று சொல்ல ஒரு சொல்கூட இல்லை. பண உறை ஒன்றையும் தருகிறார். ஃபர்லாங் அதைப் பெற்றுக்கொண்டு அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் பூசைக்குப் போகிறான். இந்த இடத்தில் புத்தகத்தைச் சற்று மூடிவைத்தேன்.

நாவலின் மிகச் சிறந்த பாத்திரம், என் கருத்தில், ஃபர்லாங் அல்லன். அவன் மனைவி எய்லீன். கேக்குக்கு மாவு பிசைவதும், செலவுக்குக் கணக்குப் பார்ப்பதும், பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணுவதுமாக இருக்கிற நல்ல குடும்பத் தலைவி. நமக்கு எதற்கு இந்த வம்பு என்பதுதான் அவள் பேச்சின் சாரம். அந்தக் குரல் எங்கள் வீட்டு அடுக்களையிலும் ஒலித்திருக்கிறது. என் வாயிலிருந்தும் வந்திருக்கிறது.

குறையும் உண்டு. கொட்டகையில் கிடந்த பெண்ணுக்கு ஒரு பெயரும் சில சொற்களும் மட்டுமே கிடைக்கின்றன. துன்புற்றவளைவிடக் கண்டவனின் மனச்சான்றே பெரிதாகிவிடுகிறது. பெண் எழுத்தாளர் ஒருவரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அக்குறையை இட்டு நிரப்புவது போன்றது இரண்டாவது நூல்: கன்னட எழுத்தாளரும் வழக்கறிஞருமான பானு முஷ்தாக்கின் 12 கதைகள். தீபா பஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஹார்ட் லாம்ப்' என்ற தலைப்பில் வந்து, 2025இல் பன்னாட்டு புக்கர் பரிசு பெற்றது. தலைப்புக் கதையில், கணவனால் கைவிடப்பட்டுப் பிறந்தகம் தேடி வரும் மெஹ்ருனை, உடன்பிறந்தவர்களே குடும்ப மானத்தின் பெயரால் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். அன்றிரவு மண்ணெண்ணெயோடு நிற்கும் தாயைத் தடுப்பவள் அவள் மூத்த மகள். இங்கே துன்புறுகிறவளே பேசுகிறாள். சில கதைகளில் ஆசிரியரின் கோபம் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது என்பதும் உண்மை. கீகனின் அடக்கம் இவரிடம் இல்லை. ஆனால் கடைசிக் கதையில் ஒரு பெண் இறைவனோடு நேருக்கு நேர் வழக்காடும்போது, நம் திருப்பாடல்களில் கேட்டுப் பழகிய முறையீடுதானே இது என்று தோன்றிற்று.

அயர்லாந்தையும் கர்நாடகத்து இசுலாமியக் குடும்பங்களையும் பற்றிப் படித்து வருந்துவது எளிது. அவை தொலைவில் உள்ளன. ஆகையால் 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நூலைத் தேடி எடுத்து மீண்டும் படித்தேன். மடத்துக்குள்ளும் சாதி இருந்ததை, அங்கே வாழ்ந்து வெளியேறிய பெண் நம் தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறார். முதன்முறை படித்தபோது அதன் பேச்சு வழக்குக் கொச்சையாக இருக்கிறதென்று குறை சொன்னவன் நான். நடையைப் பற்றிப் பேசியதால் செய்தியைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொண்டேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

கீகனின் இறுதிப் பக்கங்களில், செருப்பில்லாத அந்தப் பெண்ணை ஃபர்லாங் ஊர் நடுவே தன் வீட்டை நோக்கி அழைத்துச் செல்கிறான். எதிரே வரும் தெரிந்தவர்கள் முகமலர்ச்சியோடு பேசத் தொடங்கி, அவளைக் கண்டதும் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்கள். எய்லீன் கதவைத் திறந்தாளா என்பதை நாவல் சொல்லவில்லை.