தூணை எண்ணி வீடு வாங்காதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நிலை, கதவு, தூண், கண்ணாடி எல்லாம் தனித்தனி விலைக்குக் கிடைக்கும். பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் உறுப்புகளும் அவற்றில் உண்டு. முழு வீட்டை வாங்க வருகிறவர்களும் இதே கணக்கோடுதான் வருகிறார்கள்: பர்மாத் தேக்கில் எத்தனை தூண், இத்தாலியச் சலவைக்கல் எவ்வளவு, ஆத்தங்குடிக் கல் எத்தனை அறையில். வீட்டை இடிப்பவரும் இதையேதான் எண்ணுகிறார். ரசிகர் போடுவதும் மரவியாபாரி போடுவதும் ஒரே கணக்கு என்றால், ரசனையில் எங்கோ கோளாறு.

தேக்கும் தளக்கல்லும் எளிதில் கெடுவதில்லை. கெடுவது கூரையும் சுவரும். நாட்டு ஓட்டைப் பிரித்து அடுக்குவது ஒருமுறையோடு முடிகிற வேலையல்ல. ஓடு நகர்ந்த இடத்தில் ஒரு மழைக்காலம் ஒழுகினால் கீழிருக்கும் மரச்சட்டம் உளுக்கத் தொடங்கும். நாலாபுறக் கூரைத் தண்ணீரும் வந்து விழும் வளவில் வடிகால் அடைத்துக்கொண்டால் சுவரடி ஊறும். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு உரியும். ‘புதுப்பித்த வீடு’ என்று கூடுதல் விலை சொல்லப்படுபவற்றில் இப்படிச் சிமென்ட் பூசியவை உண்டு. அவற்றுக்கு நான் குறைத்துத்தான் கேட்பேன். பழைய பூச்சு அங்கங்கே பெயர்ந்து நிற்கும் வீடு அதைவிட நேர்மையானது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் பத்திரம். தாத்தா கட்டிய வீட்டுக்குப் பேரன்கள், அவர்கள் பிள்ளைகள் எனப் பங்காளிகள் பெருகிச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஒருவர் பங்கை மட்டும் மலிவாக வாங்குவது வீண். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் வெளியாள் கூட்டாகக் குடியிருக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு உரிமை தருவதில்லை. பாகம் கேட்டு அவர் வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி அந்தப் பங்கைக் குடும்பத்தாரே விலைகொடுத்து எடுத்துக்கொள்ளக் கேட்கலாம்.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாடு இடம்பெற்றது பெருமைதான்; அதனால் யார் வீட்டுக் கூரைக்கும் ஓர் ஓடு வரப்போவதில்லை. கட்டுக்கட்டாக நீளும் மாளிகையை ஒற்றைக் குடும்பம் பேண முடியும் என்று நான் நம்பவில்லை. கானாடுகாத்தான் ‘விசாலம்’ போல விடுதியானவை பிழைத்தன. அது தொழில், குடித்தனம் அல்ல.

ஒற்றை வளவு வீடு, எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்து, சிமென்ட் படாத சுவர், ஆண்டில் பாதி நாளாவது அங்கே தங்கும் எண்ணம். இந்த நான்கும் இருந்தால் வாங்கலாம், தூண் கல்லாகவே இருந்தாலும். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.