காக்காப்பொன்

மைக்காவுக்குத் தமிழில் காக்காப்பொன் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் அந்தத் தகட்டில் வேலைக்காரர்கள், தொழிலாளிகள், சாமி ஊர்வலம் என்று செட் செட்டாக வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இன்றும் இருக்கின்றன. வரைந்தவர் பெயர்? பெரும்பாலும் இல்லை.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் கணக்கே வேறு. மார்கழியில் சித்திரை வீதிக் கோலத்துக்கு விலையும் இல்லை, ஓனரும் இல்லை. எதிர்வீட்டுப் பெண் நோட்டில் காப்பி பண்ணிக்கொண்டால் போட்டவருக்குப் பெருமைதான். எட்டு மணிக்கு ஆட்டோ ஏறி அழித்துவிடும்.

இன்டர்நெட் கலையும் முதலில் கோலம் மாதிரிதான் இருந்தது. 1996-ல் ஒல்யா லியாலினா என்ற ரஷ்யப் பெண் 'மை பாய்ஃப்ரெண்ட் கேம் பேக் ஃப்ரம் த வார்' செய்தார். போரிலிருந்து திரும்பிய காதலனும் அவளும் பேசுகிறார்கள். நீங்கள் கிளிக் செய்யச் செய்ய, பிரவுசர் இரண்டாக, நாலாகப் பிளக்கிறது. பேச்சு துண்டு துண்டாகி, கறுப்புக் கட்டங்கள்தான் மிச்சம். இதைப் பிரின்ட் போட்டுச் சுவரில் மாட்ட முடியாது, சார். பிரவுசர்தான் படமே. நீங்களும் நானும் ஓசியில் பார்ப்பதும் ஒரிஜினல்தான்.

1998-ல் அவரே ஒரு இணைய காலரி திறந்து இந்த மாதிரிப் படைப்புகளை விற்கப் பார்த்தார். எது ஒரிஜினல்? பிரவுசரின் உச்சியில் தெரியும் விலாசமே அத்தாட்சி என்பது அவர் வாதம்.

பிளாக்செயின் அந்த விலாசத்தைத்தான் பிடித்துக்கொண்டது. பிளாக்செயின் என்றால் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்களில் காப்பி இருக்கிற, யாரும் இஷ்டத்துக்குத் திருத்த முடியாத லெட்ஜர். நேம்காயின் என்ற ஒன்று, இணைய விலாசங்களைப் பதியவே வந்தது. 2014-ல் கெவின் மெக்காய் 'குவாண்டம்' என்ற துடிக்கும் எண்கோணத்தை அதில் பதிந்தார். வேடிக்கையைக் கேளுங்கள். புதுப்பிக்காததால் பதிவு காலாவதி! 2021-ல் வேறொருவர் அதே பெயரைப் பதிந்துகொண்டார். அதே வருஷம் சோத்பிஸ், புதிதாகப் போட்ட டோக்கனோடு குவாண்டத்தை 14.7 லட்சம் டாலருக்கு விற்றது. விவகாரம் நியூயார்க் கோர்ட்டுக்குப் போய் 2023-ல் தள்ளுபடி ஆனது. எண்கோணம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

அந்த 2021 மார்ச்சில்தான் பீப்பிள் என்கிற அமெரிக்கரின் 5,000 படங்களை ஒட்டிய ஒரே ஃபைல், கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்குப் போனது. சுமார் 500 கோடி ரூபாய். எடுத்தவர் தமிழர், விக்னேஷ் சுந்தரேசன். 'மெட்டாகோவன்' என்று புனைபெயர். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அப்புறம் படத்தைப் பார்த்தேன். தினம் ஒன்று வரைந்த பிடிவாதத்துக்குக் கும்பிடு போடலாம். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் மொசைக் தரை. பிரின்ட் போட்டு மாட்டினாலும் ஒன்றும் குறையாது. லியாலினாவிடம் நெட் படத்துக்குள் இருந்தது. இங்கே பில்லில்தான் இருக்கிறது. 500 கோடி கொடுத்தும் காப்பிரைட் கிடையாது. பி.காம். படித்தவன், ரசீதின் அருமை தெரியும். அதற்காக ரசீதைச் சுவரில் மாட்டி ரசிக்க முடியுமா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த லெட்ஜரில் படைத்தவரே பதிந்தால், அவர் கணக்கிலிருந்துதான் வரவு செலவே ஆரம்பிக்கிறது. காக்காப்பொன் ஓவியருக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

லியாலினாவின் படம் இன்னும் இலவசம். மொபைலில் வேண்டாம், கம்ப்யூட்டரில் பாருங்கள்.