ஆக்சிஜன்: பெயரும் பொருளும்

அயன்மொழிக் கலைச்சொல்லின் வேரைக் கண்டு, அதனை அவ்வாறே தமிழிற் பெயர்த்துவிட்டால் நல்ல கலைச்சொல் அமைந்துவிடும் என்பார் உளர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஆக்சிஜன் என்னும் ஒரு சொல்லைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1774-இல் ஆங்கில அறிஞர் பிரீஸ்ட்லி, செந்நிறப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கி இவ்வளியைப் பிரித்தெடுத்தார். ஆனால், இப்பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். கந்தகமும் பாஸ்பரஸும் எரிந்து உண்டாகும் பொருள்கள் நீரிற் கரைந்து அமிலமாதலைக் கண்ட அவர், அமிலங்கள் அனைத்திற்கும் இவ்வளியே மூலம் எனத் துணிந்தார். கிரேக்கத்தில் 'ஆக்சிஸ்' என்பது கூர்மையையும் புளிப்பையும் குறிக்கும். 'கென்' என்பது பிறப்பைக் குறிக்கும் வேர். 'புளிப்பைப் பிறப்பிப்பது' என்னும் கருத்தில் அவர் அமைத்த இச்சொல், 1787-இல் அவரும் தோழர் மூவரும் வெளியிட்ட வேதியியற் பெயரீட்டு நூலால் நிலைபெற்றது.

இப்பெயரில் குறை இரண்டு உள. முதலாவது சொற்குறை. கிரேக்கத் தொகைச்சொற்களில் 'கெனஸ்' என்னும் ஈறு 'பிறந்த' என்று பொருள்படுவதே பெருவழக்கு. டயோஜெனிஸ் என்னும் பெயருக்குச் சீயஸ் கடவுளுக்குப் பிறந்தவன் என்பது பொருள். அம்முறைப்படி நோக்கின், ஆக்சிஜன் 'புளிப்பிற் பிறந்தது' ஆகிவிடும். தாயைச் சேய் என்றதுபோல!

இரண்டாவது பொருட்குறை. குளோரின் ஒரு தனிமமே என 1810-இல் டேவி அறிவித்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருப்பவை ஹைட்ரஜனும் குளோரினுமே. ஆக்சிஜன் அணுவளவும் இல்லை. லவாய்சியர் கொள்கை வீழ்ந்தது. பெயர் மட்டும் நின்றது.

வேரைப் பெயர்த்த மொழிகள் பிழையையும் உடன் பெயர்த்துக்கொண்டன. ஜெர்மன், ருஷ்யம், ஜப்பானியம் ஆகிய மூன்றிலும் இதன் பெயர் புளிப்பையே சுட்டுகிறது. சீனமோ, பேணி வளர்த்தல் என்னும் கருத்தின் அடியாகப் பெயர் அமைத்தது. மலாய்மொழி ஒலியளவில் ஏற்றுக்கொண்டது. தமிழ், வேரை நாடாது பயனை நோக்கிப் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் வழங்கியது. இது பாராட்டத்தக்க தெரிவே.

எனினும், உயிர்வளி என்னும் சொல்லுக்கும் எல்லை உண்டு. நீரின் எடையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜனே. மணலிலும் பாறையிலும் அது பிணைந்து கிடக்கிறது. ஆங்கெல்லாம் அது வளியன்று. 'நீரில் உயிர்வளி உண்டு' என்று மட்டும் கற்பித்தால், மீன் உயிர்ப்பது நீரின் கூறாகிய ஆக்சிஜனை என மாணவர் மயங்குவர். உண்மையில் மீன் கொள்வது நீரிற் கரைந்துள்ள வளியையே.

ஆதலின், எரிதல், உயிர்த்தல் பற்றிப் பேசுமிடத்து உயிர்வளி என்றும், சேர்மங்களில் உள்ள தனிமத்தைச் சுட்டுமிடத்து ஆக்சிஜன் என்றும் வழங்குதல் தக்கது. வேர்ப்பொருளை விளக்கும் ஆசிரியர், அது லவாய்சியர் கொண்ட கருத்தேயன்றிப் பொருளின் இலக்கணம் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்வாராக. புதுச்சொல் படைப்போரும் அகராதியைத் திறக்குமுன் பொருளின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.