ஒரு சாய்கோட்டுக்கு எத்தனை டெஸ்ட்!

சி மொழியில் கோப்புப் பாதையைக் கையாளும் ஃபங்ஷன் ஒன்று ரிவ்யூவுக்கு வந்தால், முதலில் அதன் டெஸ்ட் கோடைத்தான் திறப்பேன். ஃபங்ஷன் அப்புறம். பள்ளிபாளையத்தில் நாலு பக்கமும் விசைத்தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து டெஸ்ட் படிக்கிற சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை!

நம்பாதவர்கள் கிட் மென்பொருளின் மூலநிரலில் 'டெஸ்ட்-பாத்-யூட்டில்ஸ்' கோப்பைப் படித்துப் பாருங்கள். பாதையின் கடைசிப் பெயரைத் தரும் பேஸ்நேம், அதற்கு முந்தைய பகுதியைத் தரும் டிர்நேம் இரண்டுக்கும் அட்டவணை போட்டிருக்கிறார்கள். என்ன அட்டவணை அது! நல் பாயின்ட்டர், வெற்று ஸ்ட்ரிங், ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி, "/", "//", "///" என்று கை தவறி அடிக்கக்கூடியதெல்லாம் வரிசைகட்டி நிற்கிறது. "//" கொடுத்தால் பேஸ்நேம் "/" என்றும் சொல்லலாம், "//" என்றும் சொல்லலாம் என்று போசிக்ஸ் தரநிலை விட்டுவைத்திருக்கிறது. அதற்காக மாற்று விடைக்கென்றே தனி இடம்! டெஸ்ட் தோற்றால் எந்த ஃபங்ஷன், என்ன கொடுத்தோம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், நாலும் ஒரே வரியில் வந்துவிடும்.

அதில் என் உயிர் ஒரு சின்ன வரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாதையையும் ஒரு பஃபரில் நகலெடுத்த பிறகே ஃபங்ஷனிடம் கொடுக்கிறார்கள். கொடுத்த ஸ்ட்ரிங்கையே திருத்தி எழுத பேஸ்நேமுக்கு உரிமை உண்டு. ஸ்ட்ரிங் லிட்டரலை அப்படியே நீட்டினால் புரோகிராம் அங்கேயே விழக்கூடும். நகலெடுக்காத டெஸ்ட் வந்தால் நான் அடுத்த வரிக்குப் போகவே மாட்டேன்.

லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் பேஸ்நேம் இரண்டு உண்டு. லிப்ஜென் ஹெடரிலிருந்து வருவது "/தறி/நூல்/" என்பதற்கு "நூல்" என்று விடை சொல்லும். ஸ்ட்ரிங் ஹெடரின் குனு வகை வெற்று ஸ்ட்ரிங்கைத் தரும். கடைசியில் சாய்கோடு வைத்த ஒரே ஒரு வரி டெஸ்டில் இருந்தால் போதும், எழுதியவர் எதை இழுத்துப் போட்டிருக்கிறார் என்பது கையும் களவுமாகத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் நுணுக்கம் பார்க்கிற வேலை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நடப்பு டைரக்டரி எட்டாத இடத்தில் இருந்தால் லினக்ஸ் கெர்னல் தரும் பாதை சாய்கோட்டில் தொடங்காமல் போகலாம். பாதையை முழுதாக விரித்துத் தரும் ஜிலிப்சியின் ரியல்பாத் ஃபங்ஷன் அதை எதிர்பார்க்கவில்லை. சாய்கோட்டைத் தேடிப் பின்னாலேயே போய், பஃபரின் தொடக்கத்தையும் தாண்டி எழுதிவிட்டது. சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடக்கூடிய ஓட்டை அது; 2018 ஜனவரியில் வெளியே வந்தது.

தமிழ்ப் பெயர்களைக் கொடுத்துப் பார்க்கும்போது எனக்குப் புல்லரித்துவிடும்! கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992இல் யூடிஎஃப்-8ஐ வகுத்தபோது, எந்தப் பல பைட் எழுத்துக்குள்ளும் சாய்கோட்டின் பைட் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். தமிழையே கனவிலும் நினைக்காத பழைய சி ஃபங்ஷன்கூட "/பள்ளிபாளையம்/கொள்முதல்" என்பதைச் சரியாக வெட்டித் தருகிறது. எத்தனை பெரிய கொடை!

ஆனால் 'கொ' எழுத்தின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, பைட்டில் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். ஆகவே எந்த டெஸ்ட் வந்தாலும் 'கொள்முதல்' இரண்டு வடிவத்திலும் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறேன். கூடவே நீளத்துக்கும் இரண்டு வரி: லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் வழக்கமான எல்லை, தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். 85 குறியீடு உள்ள பெயர் உள்ளே போக வேண்டும், 86 போனால் பிழை திரும்பி வர வேண்டும்.